அவர் பூசைக்குப் போகத் தொடங்கியபோது

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே என் கணவர், "நான் ஆர்.சி. ஆகலாம்னு இருக்கேன்" என்றார். கல்லில் தோசை ஊற்றியிருந்தேன். அது கருகுகிற வாசனை வந்த பிறகுதான் திருப்பினேன்.

ஆர்.சி. என்றால் ரோமன் கத்தோலிக்கம். புராட்டஸ்டண்டான எங்கள் குடும்பத்தில் அது லேசில் சொல்லிவிடுகிற சொல் அல்ல. என் அப்பா மலையடிவாரத்துச் சபைகளில் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவர். போதகர் வர முடியாத ஞாயிறுகளில் ஆராதனை நடத்தியவர். மாதா சுரூபத்தின் முன்னால் மெழுகுவத்தி ஏற்றுவது ஏன் தவறு என்று வசனம் காட்டி என்னை வளர்த்தவர். கல்யாணத்துக்குப் பிறகு கோடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியில் மேட்ரன் வேலை கிடைத்து இங்கே வந்தோம். இங்கேயும் புராட்டஸ்டண்ட் சபைதான். கணவர் பாடகர் குழுவில் பாடினார். மகள் பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டு, முதல் திருவிருந்து எடுப்பதற்கு முன் சபையில் நடக்கும் திடப்படுத்தல் வகுப்புக்கும் போய்வந்தாள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தேன்.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்கு முந்திய மழைக்காலத்தில் என் கொழுந்தன் மலைப்பாதை வளைவில் காரோடு பள்ளத்தில் விழுந்து இறந்துபோனான். குடித்திருந்தான். அடக்கம் முடிந்ததும் என் கணவர் போதகரிடம், "ஐயா, அவனுக்காக இனி ஜெபிக்கலாங்களா?" என்று கேட்டார்.

"இருக்கறவங்களுக்காக ஜெபிப்போம். அவன் ஆண்டவர் கையில இருக்கான். இனி நாம செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல."

அன்பாகத்தான் சொன்னார். என் அப்பாவும் எத்தனையோ வீடுகளில் அதையே சொல்லி ஆறுதல் கொடுத்திருக்கிறார். என் கணவருக்கு அது ஆறுதலாகவில்லை. 'ஒண்ணும் இல்ல' என்பது மட்டும் அவருக்குள் தங்கிவிட்டது.

கிளாவரை, பூம்பாறைப் பக்கத்துக் கேரட்டையும் பூண்டையும் ஒட்டன்சத்திரம் மண்டிக்கு வேனில் ஏற்றிப் போவது அவருடைய தொழில். அங்கே பழக்கமான ஒரு டிரைவர், ஆர்.சி.காரர், விஷயம் கேள்விப்பட்டுத் தங்கள் கோயிலில் தம்பிக்காகப் பூசைக்குச் சொல்லி வைத்தார். என் கணவர் போனார். பீடத்திலிருந்து தம்பியின் பெயரை வாசித்தார்களாம். அதற்குப் பிறகு இங்கே மலைமேல் இருக்கிற கத்தோலிக்கக் கோயிலுக்கும் காலைப் பூசைக்குப் போக ஆரம்பித்தார். துக்கத்தில் போகிறார், தானாக நின்றுவிடும் என்று நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இப்போது அவரே வாய் திறந்து சொல்லிவிட்டார். எனக்கு அன்றிலிருந்து எல்லாமே பயமாகிவிட்டது. சபையின் பெண்கள் ஐக்கியத்தில் யாராவது கேட்டால் என்ன சொல்வது? "அப்பா போனா நானும் போகணுமாம்மா?" என்று கேட்ட மகளுக்கு என்ன பதில்? செத்தால் யாரை எந்தக் கல்லறைத் தோட்டத்தில் வைப்பார்கள் என்பது வரை யோசித்தேன். எல்லாவற்றுக்கும் மேலே அப்பா. வேறு யார் வாயிலிருந்தாவது அவர் காதுக்குப் போவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று, அவர் இருக்கும் வத்தலக்குண்டுக்கு பஸ் ஏறினேன். வழி நெடுக, சொல்ல வேண்டியதை மனசுக்குள் மாற்றி மாற்றி அடுக்கினேன்.

"என்ன தாயி, சொல்லாம கொள்ளாம வந்திருக்க? என்ன சோலி?"

அடுக்கி வைத்தது எதுவும் வரவில்லை. "அவரு ஆர்.சி.ல சேரப்போறேங்கறாருப்பா" என்று மட்டும் சொன்னேன்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"மறுபடியும் தலையில தண்ணி ஊத்துவாங்களா?"

"தெரியலப்பா."

"கேட்டுச் சொல்லு. ஊத்துனாங்கன்னா நம்ம ஞானஸ்நானம் பொய்யின்னு ஆயிப்போகும். நான் ஊர் ஊராப் போயி ஆயத்தம் பண்ணி நிறுத்துன சனமெல்லாம் அப்ப யாரு?"

சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். நானும் சாப்பிடாமலே மலையேறினேன்.

மறு வாரம் கணவரோடு நானும் கத்தோலிக்கக் கோயிலின் பங்குச்சாமியாரைப் பார்க்கப் போனேன். என்னைவிட வயதில் சின்னவர். அறைக்குள் உட்கார்ந்ததும், மறுபடி தண்ணீர் ஊற்றுவீர்களா என்று நான்தான் முந்திக்கொண்டு கேட்டேன்.

"இல்லம்மா" என்றார். "அவர் வாங்கினது ஞானஸ்நானந்தான். அதை ரெண்டாந்தரம் குடுக்க மாட்டோம். கொஞ்ச மாசம் வகுப்புக்கு வரணும். அப்புறம் விசுவாசத்தை அறிக்கை பண்ணி, உறுதிபூசுதல் வாங்கி, நற்கருணை வாங்கலாம்."

எனக்கு மூச்சு வந்தது. அதே மூச்சில், "அப்ப நான் இங்க வந்தா?" என்று கேட்டேன்.

"நீங்க எப்ப வேணும்னாலும் பூசைக்கு வாங்க. ஆனா நன்மை, அதான் நற்கருணை, வாங்க முடியாது. அவரும் இனி உங்க கோயில்ல திருவிருந்து எடுக்கக் கூடாது."

இது எனக்குத் தோன்றவே இல்லை. கல்யாணமான முதல் மாதத்திலிருந்து, அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு நாங்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் முழங்கால் போட்டிருக்கிறோம். சண்டை போட்ட வாரங்களில்கூட. கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமியாரும் அதைக் கவனித்திருக்க வேண்டும். "அவசரமே இல்லீங்க. தம்பிக்காகப் பூசை வைக்கணும்னா நீங்க சேராமலே வைக்கலாம். அதுக்காக மட்டும் வர வேண்டாம்" என்றார்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். கணவர் நிமிர்ந்து, "அதுக்காக மட்டும் இல்லீங்க ஃபாதர்" என்றார்.

வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. மேட்டுச் சாலையில் நடந்து வருகையில், "வேற எதுக்கு?" என்று கேட்டேன்.

"தம்பி போனதுலேருந்து ஸ்டியரிங்கப் பிடிச்சாலே கை நடுங்குது. அந்த வளைவு வந்தா கண்ணு இருட்டுது. உங்கிட்ட சொல்லல, பயந்துருவ. இங்க வந்து முட்டி போட்டுட்டு எந்திரிச்சா நடுக்கம் நிக்குது. ஏன்னு எனக்கும் தெரியல."

அதே வளைவில்தான் வாரத்தில் பாதி நாள் அவர் லோடு ஏற்றிக்கொண்டு இறங்குகிறார். நான் எதைப் பற்றியெல்லாம் பயந்துகொண்டிருந்தேன், எதைப் பற்றிப் பயந்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. அதற்கு மேல் அவரை நான் தடுக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

அவரைச் சேர்த்துக்கொண்ட ஞாயிறன்று அப்பா காலையிலேயே பஸ் ஏறி வந்துவிட்டார். தண்ணீர் ஊற்றமாட்டார்கள் என்று நான் போனில் சொல்லியும் நேரில் பார்க்காமல் அவருக்கு அடங்கவில்லை போலிருக்கிறது. நானும் அப்பாவும் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நன்மை வாங்க வரிசை எழுந்தபோது மற்றவர்கள் போக வழிவிட்டுக் காலை ஒடுக்கிக்கொண்டோம். கணவர் கைகளைக் கூப்பிக்கொண்டு முன்னால் போனார். அப்பா தன் பைபிளைத் திறந்து மடியில் வைத்திருந்தார், ஆனால் வாசிக்கவில்லை.

மகள் எங்கள் சபையிலேயே திடப்படுத்தல் எடுத்தாள். அன்றைக்கு அவளும் நானும் திருவிருந்துக்குப் போக, அவள் அப்பா கடைசி பெஞ்சில் இருந்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வெள்ளனே எழுந்து பூசைக்குப் போய்விட்டு வருவார். வந்த பிறகு நாங்கள் கிளம்புவோம். கை நடுக்கம் குறைந்திருக்கிறது, முழுக்க நிற்கவில்லை. "நீங்க எப்ப எங்க பக்கம் வரப்போறீங்க?" என்று அங்கே கேட்கிறார்கள். "அவரு எப்பத் திரும்பி வருவாரு?" என்று இங்கே கேட்கிறார்கள். இரண்டு இடத்திலும் சிரித்துவைக்கிறேன்.

அப்பா சனிக்கிழமைதோறும் போன் பண்ணுகிறார்.

"மாப்பிள்ள பூசைக்கு ஒழுங்காப் போறாரா?"

"போறாருப்பா."

"போகட்டும். அரைகுறையா நிக்கக் கூடாதுன்னு சொல்லு."

நீ எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று என்னை இதுவரை கேட்டதில்லை. எந்தச் சனிக்கிழமை கேட்பாரோ என்று போன் அடிக்கும்போதெல்லாம் திக்கென்கிறது.