அத்தான் மூடிய குழிகள்

என் அக்காவின் கணவரை எங்கள் உயிரியல் பூங்காவில் எல்லோரும் துடைப்பம் என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, நேருக்கு நேராகவே. அவரும் "என்னப்பா" என்று திரும்பிப் பார்ப்பார். பாம்பு, உடும்பு, ஆமை இருக்கிற பகுதியில் அவருக்கு இருபத்தாறு வருட வேலை. அவர் கூண்டுத் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம் என்று மேலதிகாரிகள் மெச்சுவார்கள். சாப்பிட்டுக் காட்டியவர் யாரும் இல்லை. அதே பூங்காவில் நான் தச்சன். அத்தானைக் கிண்டல் செய்வது எனக்குச் சம்பளமில்லாத இரண்டாவது வேலை.

வீட்டிலும் இதே கதைதான். "நான் எழுந்திரிச்சா போதும்டா, உட்கார்ந்த இடத்தைத் துடைக்க வந்துடறாரு" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்தச் சுத்தத்தால் ஒருமுறை ஓர் உயிர் போய்விட்டது. அதைப் பற்றி மட்டும் யாரும் அவரைக் கிண்டல் செய்ததில்லை, நான் உட்பட.

ஏழு வருடத்துக்கு முந்திய கதை அது. அவர் பொறுப்பில் ஒரு பெண் உடும்பு இருந்தது. வயிறு பெருத்து, இரை எடுப்பதை நிறுத்திவிட்டு, கூண்டின் மூலை மணலைப் பறித்துப் பறித்துப் போட்டது. காலையில் அத்தான் போய்க் குழியை மூடுவார், மணலைச் சமமாக்குவார், சிதறியதைப் பெருக்கி அள்ளுவார். மறுநாள் அது மறுபடியும் தோண்டியிருக்கும். பதினோரு நாள் இப்படியே போனது. பன்னிரண்டாம் நாள் காலை அது அசையவில்லை.

பூங்காவின் டாக்டரம்மா அறுத்துப் பார்த்தார். உள்ளே பத்தொன்பது முட்டைகள்.

"முட்டையிட இடம் தேடியிருக்கு" என்றார். "மனசுக்குப் பிடிச்ச இடம் கிடைக்கலேன்னா இதுங்க முட்டையை வெளியே விடாம உள்ளேயே வச்சுக்கும். கடைசியில உயிரே போயிடும். தோண்டினதை யாரும் பாக்கலையா?"

அத்தான் தன் வேலைக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து நீட்டினார். பதினோரு நாளுக்கும் ஒரே வரி: குழி தோண்டியிருந்தது. மூடிவிட்டேன். டாக்டரம்மா படித்தார், ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் என்று அன்று இரவு அக்காவிடம் சொன்னாராம். அந்தக் குறிப்பேட்டை அதற்குப் பிறகு அவர் அலுவலகத்தில் வைக்கவில்லை. வீட்டு அலமாரியில், துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டார்.

போன வருடம் அதே கூண்டில் இன்னொரு பெண் உடும்பின் வயிறு பெருத்தது.

அத்தானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேராக என் பட்டறைக்கு வந்தார். "மச்சான், எனக்கு ஒரு பெட்டி வேணும். அது முட்டையிட. ரெண்டரை அடி ஆழம். மூடி இருக்கணும். ஒரு பக்கம் உடும்பு நுழையற அளவுக்கு மட்டும் ஓட்டை."

மூன்று நாள் பலகையோடு மல்லுக்கட்டினேன். முதல் பெட்டியில் மணலை நிரப்பினார். உடும்பு நுழைந்து தோண்டியது. தோண்டத் தோண்ட மணல் சரிந்து அதன் முதுகிலேயே விழுந்தது. வெளியே வந்துவிட்டது. காய்ந்த மணலில் பொந்து நிற்காது என்பது எனக்கே தெரியும், இருபத்தாறு வருடக்காரருக்குத் தெரியாதா என்று எரிந்து விழுந்தேன். அவர் மணலை வாரி வெளியே கொட்டினார்.

அடுத்து மண்ணும் களிமண்ணும் கலந்தார். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், அதுதான் பக்குவம் என்றார். பூங்காவின் ஆறு மூலையிலிருந்து மண் எடுத்து ஆறு உருண்டை பிடித்து என் பட்டறை மேஜையில் வரிசையாக வைத்துத் தட்டிப் பார்த்தார். பெட்டிக்கு மேலே சூடு விளக்கு மாட்டினார். மண்ணுக்குள் வெப்பமானியைச் செருகி முப்பது டிகிரி வரும்வரை விளக்கை ஏற்றினார், இறக்கினார். காட்டில் உடும்பு முட்டையிடுகிற கரையான் புற்றுக்குள் இருக்கிற ஈரமும் சூடும் இங்கேயும் இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். துடைப்பத்தைக் கூண்டுப் பக்கம் கொண்டுவருவதையே நிறுத்திவிட்டார்.

உடும்பு உள்ளே போனது. தோண்டியது. வெளியே வந்தது. மறுநாளும் அப்படியே. ஐந்து நாள் இதே பாடு. அதன் இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நின்றது, வயிறு மட்டும் உப்பியிருந்தது.

டாக்டரம்மா வந்து பார்த்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுப்போம். அதுக்கப்புறம் அறுவை சிகிச்சைதான். வயசான உடும்பு. பிழைக்கும்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது."

அன்று திங்கள். பெட்டியின் கீல் இறுகியிருக்கிறது என்று அத்தான் சொல்லியிருந்ததால், செவ்வாய்க்கிழமை காலை எண்ணெய்க் குப்பியோடு போனேன். அவர் மூடியைத் திறந்து, குனிந்து, உள்ளே வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் வெப்பமானி. மற்றொரு கை, உடும்பு முந்தின நாள் பறித்த குழியின் வாயில் மண்ணைத் தள்ளித் தள்ளிச் சமமாக்கிக்கொண்டிருந்தது.

"அத்தான்! என்ன பண்றீங்க?" என்று கத்திவிட்டேன்.

"சூடு சரியா இருக்கான்னு பாக்கறேன்."

"அதில்ல. அந்தக் கை என்ன பண்ணுது?"

குனிந்து பார்த்தார். கை அப்படியே நின்றது. விரலில் ஒட்டியிருந்த மண்ணையும், பாதி மூடிய குழியையும் மாறி மாறிப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கை செய்வது அதுவரை அவருக்கே தெரியாது. ஐந்து நாளும் இதைத்தான் செய்திருக்கிறார். வேறு யாராவது என்றால் வாய்க்கு வந்தபடி பேசியிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றி என் கையில் வைத்தார். "மச்சான், வெள்ளிக்கிழமை வரைக்கும் என்னை உள்ளே விடாதே. நான் கெஞ்சினாலும் விடாதே. விளக்கை மட்டும் வெளியே இருந்து பாத்துக்க. மூடியைத் திறக்காதே."

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். புதன்கிழமை அக்கா எனக்குப் போன் செய்தாள். "டேய், காலையிலேருந்து நாலு தடவை வீட்டைப் பெருக்கிட்டாருடா. மாடிப்படியையும் விடலை. இப்ப பக்கத்து வீட்டு வாசல்ல நிக்கறாரு. எனக்கு மானம் போகுது." சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது குரல் உடைந்தது. "சாப்பிட மாட்டேங்கறாருடா. அது பொழைச்சிடுமா?"

தெரியாது என்றேன். அன்றைக்கு அதுதான் உண்மை. கண்ணாடி வழியாக நான் பார்த்தபோதெல்லாம் கூண்டில் உடும்பைக் காணவில்லை. பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். உயிரோடு இருக்கிறதா என்று மூடியைத் தூக்கிப் பார்க்க எனக்குக் கை பரபரத்தது. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை போனபோது அது தண்ணீர்த் தொட்டியில் தலையை விட்டுக் குடித்துக்கொண்டிருந்தது. இரண்டு விலாவும் ஒட்டிப்போய்த் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. முகமெல்லாம் மண். பெட்டியின் வாய் மண்ணால் இறுக அடைபட்டிருந்தது. தரை முழுக்க, கண்ணாடிமேல்கூட, மண் சிதறிக் கிடந்தது. இருபத்தாறு வருடத்தில் அந்தக் கூண்டு அவ்வளவு குப்பையாக இருந்ததில்லை.

நான் அத்தானுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தார். டாக்டரம்மாவும் வந்தார். மூடியைத் திறந்து அத்தான்தான் தோண்டினார், விரல் நுனியால், பிடிப்பிடியாக. அடியில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெள்ளை வெளேரென்று இருபத்து மூன்று முட்டைகள். ஒவ்வொன்றையும் எடுத்து, கிடந்த வாக்கிலேயே, புரட்டாமல் டப்பாவில் வைத்தார். கடைசி முட்டையை வைத்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அதுவும் இப்படித்தானே மச்சான் கேட்டுச்சு" என்றார். "பதினோரு நாள் கேட்டுச்சே." சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் வேலைக்கு வரும்போது அலமாரியிலிருந்த பழைய குறிப்பேட்டைக் கொண்டுவந்திருந்தார். அந்தப் பதினோரு வரிக்குக் கீழே அன்றைய தேதியைப் போட்டுப் பன்னிரண்டாவதாக ஒன்று எழுதி, என்னிடம் காட்டிவிட்டு, கூண்டுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார்.

குழி தோண்டியிருந்தது. அவளே மூடிவிட்டாள்.