சியெனிக்குப் பிடிக்காதவை

சமோவாத் தீவில், ஆப்பியா நகரச் சந்தைக்கு எதிரே உள்ள துணிக்கடையில் துணி வெட்டிக் கொடுக்கும் சியெனியை எல்லாருக்கும் பிடிக்கும். அவள் எதையும் மறுக்க மாட்டாள். பெரியப்பா வீட்டில் அவர் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்ந்தவள். கொடுத்ததைத் தின்று, சொன்ன இடத்தில் பாய் விரித்துப் படுத்து, நல்ல பெண் என்று பேர் வாங்கியிருந்தாள். முப்பதைத் தாண்டியும் அந்தப் பேரைக் காப்பாற்றி வந்தாள்.

இடையில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவன் அவளோடு பழகினான். எங்கே போகலாம் என்றாலும் "உங்க இஷ்டம்", என்ன சாப்பிடலாம் என்றாலும் "எதுவானாலும் சரி". கடைசியில் ஒரு நாள், "உன்கூட இருக்கறப்பவும் நான் தனியாத்தான் இருக்கேன், சியெனி. இத்தோட விட்டுடலாம்" என்றான்.

அதற்கும் சரி என்றாள்.

அதே கடையில் கல்லாவைப் பார்ப்பவள் தலியா. வாயாடி. கிரிகிட்டி என்ற உள்ளூர்க் கிரிக்கெட் ஆடும் ஊர்ப் பெண்கள் அணிக்கு அவள்தான் தலைவி; சியெனியும் அதில் ஒருத்தி. சனிக்கிழமை காலையில் திடலில் பாட்டும் ஆட்டமுமாகப் பந்தடித்துவிட்டு, சியெனியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்ப் பப்பாளியும் ஜவ்வரிசியும் தேங்காய்ப் பாலும் போட்டுக் காய்ச்சிய கஞ்சியை ஊற்றுவாள். சியெனிக்குப் பப்பாளி வாசனையே குமட்டும். ஆனாலும் வருஷக்கணக்கில் "ரொம்ப நல்லாயிருக்கு" என்றே சொல்லி வந்தாள். தலியா உள்ளே போகும் நேரம் பார்த்துப் பாதியைக் கொல்லையில் வளரும் பன்றிக்கு ஊற்றிவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை தலியாவின் கண்ணிலேயே அது பட்டுவிட்டது.

"எத்தனை நாளாடி இந்த வேலை?"

"முதல்லேர்ந்தே."

"என் வீட்ல ஒருத்தரும் அதைத் தொட மாட்டாங்க. எனக்கே பிடிக்காது. உனக்குப் பிடிக்குதேன்னு விடியறதுக்கு முன்னாடி எழுந்து காய்ச்சிட்டிருக்கேன்."

"நீ ஆசையா குடுத்தே..."

"அப்போ நீ சிரிச்சது, நல்லாயிருக்குன்னது, எதைத்தான் நான் நம்பறது? போ, உன் வீட்டுக்குப் போ."

அந்த வாரம் முழுக்கத் தலியா அவளோடு பேசவில்லை. கத்தரிக்கோல் வேண்டுமென்றாலும் இன்னொருத்தியிடம் சொல்லித்தான் வாங்கினாள். சியெனிக்குச் சோறு இறங்கவில்லை. யாரும் விட்டுப் போய்விடக் கூடாதென்றுதான் இத்தனை நாளும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலே இருந்த ஒரு தோழியையும் துரத்திவிட்டது. வெள்ளிக்கிழமை கடை மூடும் நேரத்தில் கல்லா முன் போய் நின்றாள்.

"நீ பேசாம இருக்கறது எனக்குப் பிடிக்கலை."

தலியா நிமிர்ந்து பார்த்தாள்.

"திடல்ல என்னை வேலியோரமா நிக்க வைக்கறியே, அதுவும் பிடிக்கலை. ஒரே எறும்பு. எனக்குப் பந்து போடணும்."

"இத்தனை வருஷமா எறும்பு கடிச்சிருக்கா?"

"கடிச்சிருக்கு."

தலியா சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் துணி அடுக்கைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் என்னென்ன பிடிக்காது, எல்லாத்தையும் சொல்லித் தொலை." சியெனி சொன்னாள். தலியா வாங்கித் தந்த ஊதா நிறத் துணி பிடிக்காது, முடியைப் பற்றி அவள் செய்யும் கேலி பிடிக்காது. நடுவில் தலியாவும் தன் பங்குக்கு இரண்டு சொன்னாள். கடையைப் பூட்ட வந்த முதலாளியம்மா இருவரையும் வெளியே தள்ள வேண்டியதாயிற்று. மறுநாள் சியெனி போட்ட பந்துகளை எதிரணிக்காரிகள் கடல்வரை அடித்தார்கள். அப்படியொரு சந்தோஷம் அவளுக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

அவர்களுடைய ஊர் பஸ்ஸின் டிரைவர் பெலனாட்டோ. கூட்டம் நெரிந்து ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து போகும் அந்த பஸ்ஸில், முன் சீட்டில் தன் பையை வைத்துச் சியெனிக்கு இடம் பிடிப்பான். பஸ் அதிரப் பாட்டுப் போடுவான்.

"பாட்டைக் கொஞ்சம் குறைங்க. தலை வலிக்குது" என்றாள் ஒரு சாயங்காலம்.

குறைத்தான். பின்னாலிருந்து ஒரே கூச்சல்.

"என்னைத் திட்டாதீங்கப்பா. இன்னைக்கு பஸ் இவங்களோடது" என்றான். பஸ்ஸே சிரித்தது. சியெனியின் காது சிவந்துபோயிற்று.

ஊர் முழுக்கப் பேசும் அளவுக்குப் பழகிய பிறகு அவன் கேட்டான்: "கல்யாணம் பண்ணிட்டு ஆக்லாந்து போயிடுவோமா? அக்கா அங்கே வேலை பார்த்து வெச்சிருக்கா."

பழைய நாக்கு முந்திக்கொண்டது. "சரி" என்றாள்.

விஷயம் தெரிந்ததும் தலியா ஒரே கேள்விதான் கேட்டாள். "உனக்குப் போகணுமா?"

"அவருக்கு ஆசை."

"அவரைப் பத்தி நான் கேக்கலை."

மறுநாள் கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகும் சியெனி உட்கார்ந்தே இருந்தாள். "எனக்கு உங்களைக் கட்டிக்கணும். ஆக்லாந்து வேண்டாம். நான் இங்கேயே இருக்கணும்."

"அன்னைக்குச் சரின்னியே."

"பயத்துல சொன்னேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு."

பெலனாட்டோ கண்ணாடிக்கு வெளியே கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்காவுக்கு வாக்குக் குடுத்துட்டேன். நான் யோசிக்கணும்" என்றான். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சியெனிக்கு வாய் துடித்தது. வாங்கிக்கொள்ளாமல் இறங்கி நடந்தாள்.

சில நாள் கழித்து, பஸ்ஸிலேயே, அத்தனை பேர் நடுவில் சொன்னான். "அங்கே பழம் பறிக்கற சீசனுக்கு மட்டும் போயிட்டு வந்துடறேன். காத்திருப்பியா? பிடிச்சாத்தான் சொல்லணும்."

"பிடிச்சிருக்கு" என்றாள்.

போனான். சீசன் முடிந்ததும், ஆப்பியா வெயிலில் யாருக்கும் உதவாத கனத்த கம்பளிக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து வந்து இறங்கினான். அந்த மாதமே கல்யாணம். தலியா வீட்டுக்குப் பின்னாலேயே குடிவந்தார்கள். முதல் வாரம், வேலிப் பக்கம் பெண்கள் இருவரும் போட்ட சத்தத்தைக் கேட்டுப் பெலனாட்டோ சோப்பு நுரையோடு ஓடிவந்தான்.

"என்னாச்சு? சண்டையா?"

"இல்லையே" என்றாள் சியெனி. "பேசிட்டிருக்கோம்."