நாற்பத்தேழுக்கு முன்னால் ஒரு பிள்ளையார் சுழி

அன்னக்கொடி பிள்ளையார் சுழி போடாமல் எதையும் எழுத மாட்டார். பலசரக்குச் சீட்டு, மொய்க் கவர், ஆஸ்பத்திரியில் பெயர் எழுதித் தரும் காகிதம், எதுவானாலும் முதலில் ஒரு 'உ'. தெருவிளக்கு எரியவில்லை என்று கொடுத்த புகார் மனுவிலும் போட்டார். விளக்கு இன்னும் எரியவில்லை. அதற்குப் பிள்ளையார் என்ன செய்வார்?

ஆனையூரில் வெங்கடேஷ்பாபுவின் மசாலா கம்பெனியில் அவருக்குப் பதினாறு வருஷம் ஆகிறது. மிளகாய்க் காம்பு கிள்ள வந்தவர், கையெழுத்து அழகாக இருந்ததால் சாம்பிள் எடுப்பவரானார். அரைத்த ஒவ்வொரு லாட்டிலிருந்தும் கொஞ்சம் தூள் எடுத்து, டப்பாவில் லாட் எண்ணை எழுதி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே தேறினால்தான் பாக்கெட்டில் அக்மார்க் முத்திரை. தரம் பார்க்கிறவர் என்பதால் எல்லாரும் அவரை 'கியூசி அக்கா' என்றார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்தான், இருக்கட்டுமே.

போன ஆடியில், அழகர்கோவில் திருவிழா அன்னதானப் பந்தல்களுக்கு மிளகாய்த்தூள் லோடு கிளம்ப நின்றபோது ஒரு அறிக்கை வந்தது. லாட் 247-இல் பூஞ்சை நஞ்சு அளவுக்கு மேல். வெங்கடேஷ்பாபு சிரித்துவிட்டார். அந்த வருஷம் அரைத்ததே அறுபது லாட்தான், யார் டப்பாவையோ நம் கணக்கில் சேர்த்துவிட்டார்கள் என்றார். லோடில் போகும் நாற்பத்தேழாம் லாட்டின் அறிக்கை மட்டும் பாக்கி. முன்னும் பின்னும் தேறியிருக்க அது மட்டுமா கெட்டுப்போகும், முத்திரை ஒட்டி ஏற்றுங்கள் என்று சொல்லிவிட்டார்.

அறிக்கையை வாங்கிப் பார்த்த அன்னக்கொடிக்கு அந்த 2 எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது. அவசரத்தில் சுழித்தால் அவருடைய 'உ' அச்சு அசல் 2. எண்ணைத் தவிர வேறெதுவும் எழுதக் கூடாது என்று பயிற்சியில் சொல்லி, கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். வாயைத் திறந்தால் வேலை போய்விடும். மூடிக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது. மூடிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தார்.

தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த டிரைவர் ஆண்டிச்சாமி, இந்த வருஷமும் பந்தலுக்குப் பேரப் பிள்ளைகளோடு சாப்பிட வருகிறீர்களா என்று கேட்டார். அன்னக்கொடி நேராக முதலாளியிடம் போனார்.

"அண்ணே, அது எரநூத்தி நாப்பத்தேழு இல்லண்ணே. நாப்பத்தேழுதான். முன்னால நிக்கிறது நான் போட்ட பிள்ளையார் சுழி."

வெங்கடேஷ்பாபு அலமாரியில் எடுத்துவைத்திருந்த நாற்பத்தேழின் மறு டப்பாவைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். அதிலும் எண்ணுக்கு முன்னால் அதே சுழி. பிறகு லோடை இறக்கச் சொன்னார். அந்த லாட் முழுவதையும் அழிப்பதற்கு ஒதுக்கிவைத்தார்கள்.

மறுநாள் அன்னக்கொடி சாப்பாடு கொண்டுபோகவில்லை. கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள் என்றே போனார். மேஜையில் அறுபத்தொன்றாம் லாட்டின் வெற்று டப்பா இருந்தது.

"எழுதுங்கக்கா" என்றார் வெங்கடேஷ்பாபு. "நீங்கதான் எழுதணும். பிள்ளையாரை மட்டும் வெளிய உக்கார வச்சிட்டு வாங்க."

அப்போதுதான் அன்னக்கொடிக்கு அழுகை வந்தது.