அசையாமல் உட்காரும் ஒத்திகை

பேரப்பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் முதுமலைக்கு அழைத்துப் போவது என்று முடிவெடுத்த பிறகுதான் மகளும் மருமகனும் என்னிடம் சொன்னார்கள். முன்னாலேயே சொன்னால் நான் விதிமுறை பேசுவேன் என்று அவர்களுக்குத் தெரியும். சுரங்கத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுத்தேன். மகளுக்கு இங்கேயே வேலை கிடைத்து அவள் பெயரில் வீடு ஒதுக்கியதும் அதே டவுன்ஷிப்புக்கு விருந்தாளியாகத் திரும்பி வந்தேன். வீடு, வண்டி, தலைக்கவசம் எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். விதிமுறைகளை மட்டும் யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

ஆகவே ஏற்பாடுகள் என் தலையில் விழுந்தன. விடுமுறைப் பயணச் சலுகையான எல்.டி.சி.க்கு எப்படி எழுதுவது, நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எப்போது எடுப்பது, காட்டுச் சாலையை இரவில் மூடிவிடுவார்கள் என்பதால் சேலத்தை எப்போது தாண்டவேண்டும், எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். அதுவரை எனக்குப் பயம் இல்லை. மருமகன் தன் செல்போனை நீட்டிய பிறகுதான் வந்தது.

அவர் காட்டியது சஃபாரி ஜீப். பக்கவாட்டில் கதவே இல்லை, ஒரு கம்பி மட்டும். அடுத்ததாக ஒரு வீடியோ. உண்ணிச்செடிப் புதருக்குள்ளிருந்து யானை ஒன்று காதை விரித்துக்கொண்டு வருகிறது, ஜீப் ரிவர்ஸிலேயே பின்வாங்குகிறது, உள்ளே இருப்பவர்கள் அலறுகிறார்கள். ஒன்றாம் வகுப்பு படிக்கும் பேரன் என் மடியில் உட்கார்ந்து, திரும்பப் போடச் சொல்லித் திரும்பத் திரும்பப் பார்த்தான். அவன் பயப்படவே இல்லை. அதுதான் என்னை உறுத்தியது.

மருமகன் குறிஞ்சிப்பாடிக்காரர். எதற்கும் பதறாதவர்.

“பயந்துகினே இருந்தா எங்கயும் போவ முடியாதுங்க மாமா. அவங்க வண்டிய அவங்க பாத்துக்குவாங்க. நாம கம்முனு உக்காந்துகினு இருந்தா போதும்.”

கம்மென்று உட்காருவது சுலபம் என்று நினைக்கிறவர், பாவம், அலுவலகத்திலேயே வேலை பார்ப்பவர்.

சுரங்கத்தில் ஷிப்ட் தொடங்கும் முன் ஆட்களை நிறுத்தி, அன்றைய வேலையில் என்ன ஆபத்து என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே அனுப்புவோம். அதையே வீட்டிலும் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டு வாசலில் பாதாம் மரத்தடியில் நின்ற காரில் பின் இருக்கையில் பேத்தியையும் பேரனையும் உட்காரவைத்து, நான் ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்தேன். இந்தக் கார்தான் ஜீப். நான் ஹாரனை நீளமாக அடித்தால் யானை வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். அசையக்கூடாது, பேசக்கூடாது, இறங்கவே கூடாது என்று பேரன் ஒப்பித்தான். ஐந்தாம் வகுப்பு முடித்த பேத்தி, யானையோடு செல்ஃபியும் எடுக்கக்கூடாது என்று சேர்த்துக்கொண்டாள்.

ஹாரனை அடித்தேன்.

பின்கதவு திறந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். பேரன் தெருவில் ஓடிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு வேலியைத் தாண்டி, முனையில் இருக்கும் வேப்பமரத்தடிக்குப் போய், கைகளை உடம்போடு ஒட்டி நேராக நின்று, முதலில் வந்தது நான்தான் என்ற முகத்தோடு எங்களைப் பார்த்தான்.

“தாத்தா, இவன் அவுட்டு. யானை மிதிச்சிருச்சு” என்றாள் பேத்தி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வேப்பமரம் எங்கள் குடும்பத்தின் அசெம்பிளி பாயிண்ட். போன வருடம் அடுப்படியில் கேஸ் டியூப் கசிந்ததிலிருந்து குழந்தைகளுக்கு நான் ஒத்திகை வைத்துவந்தேன். நீளமாக ஒரு சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, எதையும் யோசிக்காமல் வெளியே ஓடி அந்த மரத்தடியில் நிற்கவேண்டும். முதலில் வருகிறவருக்குக் கடலை மிட்டாய். சுரங்கத்தில் ஆபத்துச் சங்கு ஊதியதும் இருக்கும் இடத்தை விட்டு வெளியேறுவதுதான் நாங்கள் பிழைத்திருக்கும் வழி. வேறு ஊரில் தாத்தாக்கள் பிள்ளைகளுக்கு ஸ்லோகம் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

வாய் ஒரு பாடத்தைச் சொல்லும், கால் வேறொரு பாடத்தைச் செய்யும். என் உத்தியோகத்தில் நான் அதிகம் பயந்தது அதற்குத்தான். கேட்டால் விதியை வரி பிசகாமல் சொல்கிறவனின் கைதான் ஓடுகிற கன்வேயர் பெல்ட்டுக்கு அருகே போகும்.

அடுத்து வந்த மாலைகளில் அந்தப் பாடத்தை அழிக்கப் பார்த்தேன். ஹாரன் வரப்போகிறது என்று தெரிந்தால் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனுக்குத் தெரியாமல் டிக்கியைத் தட்டினாலோ, பேசிக்கொண்டிருக்கும்போதே அடித்தாலோ, கதவு திறந்துவிடும். சைல்டு லாக் போட்டால் போதுமே என்றாள் பேத்தி. கதவே இல்லாத ஜீப்பில் எதைப் பூட்டுவது?

கடைசியில் அவனையே கேட்டேன். ஏன்டா, உட்காரு என்றால் உட்காரமுடியாதா?

“சும்மா உக்காந்தா பயமா இருக்கு தாத்தா. ஓடிட்டா பயம் இல்ல.”

அதற்குப் பிறகு கண்ணை மூடினால் ஜீப்பின் அந்தக் கம்பியும், அதற்கு அடியில் நழுவி இறங்கும் ஒரு சின்னச் செருப்பும் தெரிந்தன.

மகளிடம் போய், பயணம் வேண்டாம் என்றேன். ஜெனரல் ஷிப்ட் முடிந்து வந்து அப்போதுதான் காபிக்குப் பால் வைத்திருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“காரணம் தேடிக் கண்டுபுடிச்சிட்டீங்களாப்பா?”

சத்தம் கேட்டால் இவன் மரத்தடிக்கு ஓடுகிறான், உன் கண்ணால் வந்து பார் என்று அழைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பின் இருக்கையில் பேரனுக்கும் பேத்திக்கும் நடுவில் உட்கார்ந்தாள். நான் முன்னால். ஹாரன்மேல் கையை வைத்தபடி, அவன் மறக்கட்டும் என்று காத்திருந்தேன். காருக்குள் புழுங்கியது.

நான் அடிப்பதற்குள் சுரங்கத்தில் வெடி வைத்துவிட்டார்கள். கடினமான மண்ணைப் பிளக்க வைக்கும் வெடிதான். காலம் காலமாகக் கேட்கும் சத்தம், வீட்டில் பாத்திரம் அதிர்ந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடர்வோம். ஆனால் அன்று அசையாமல் உட்கார்ந்து, வரப்போகும் ஒன்றுக்காகக் காத்திருந்தோம். தரைக்கு அடியிலிருந்து ஒரு இடி. கண்ணாடிகள் கடகடத்தன.

நான் சுதாரித்தபோது கதவு திறந்திருந்தது. என் ஒரு கால் தெருவில் இருந்தது. உடம்பு பாதிக்கு மேல் வெளியே இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது வேப்பமரத்தை.

திரும்பினேன். பேரனும் எழுந்திருந்தான். ஆனால் அவன் மார்புக்குக் குறுக்கே அவன் அம்மாவின் கை இருந்தது. விரல்கள் அவன் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தன. அவன் திமிறவில்லை. அவள் முகம் வெளுத்திருந்தது. மரத்தடியைப் பற்றி நான் சொன்னதை இப்போதுதான் நம்பினாள் என்று தெரிந்தது. என்னைப் பற்றியும் புதிதாக ஏதோ தெரிந்துகொண்டிருந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை, பேத்திகூட.

“அப்பா, உள்ள ஏறுங்க” என்றாள் மகள். ஒப்பந்தத் தொழிலாளியிடம் நான் பேசிய அதே குரல். “ஜீப்புல இவன் என் மடியில. நீங்க நடுவுல. ஓரத்துல அவரும் பொண்ணும் உக்காரட்டும்.”

நான் வாதாடவில்லை. நடுவில் என்றால் நடுவில். காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

பேரன் அம்மாவின் கைக்கு மேலாக எட்டிப் பார்த்து, என்னிடம் ரகசியமாகக் கேட்டான். “தாத்தா, யானை போயிடுச்சா?”

போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தேன்.

“இல்லடா. பக்கத்துலதான் நிக்குது” என்றேன்.

அவன் அம்மாவின் முழங்கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். யாரும் அசையவில்லை.