எங்கே ஒளித்தாய்?

போன வாரம் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒரு பெண்மணியைப் பார்த்ததும் சட்டென்று பூக்கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நான் ரிட்டயர்டு டீச்சர், முழங்கால் வலிக்காரி. அந்த வேகம் எங்கிருந்து வந்ததோ! மண்ணச்சநல்லூர் பஸ்ஸில் ஏறும்போது அவள் திரும்பினாள். வசந்தி இல்லை. பூக்காரம்மா, "மயக்கமா வருதுங்களாம்மா?" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார். உட்கார்ந்தேன். மூக்கடியில் மரிக்கொழுந்து வாசனை.

காலேஜ் நாடகத்தன்று மேடையில் வசந்தி போட்டிருந்த மாலையிலும் அதே வாசனைதான். நாங்கள் திருச்சியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தோம். பழைய ஆங்கிலச் செய்யுள் நாடகங்களில் நன்மையும் தீமையும் ஆட்களாகவே மேடைக்கு வரும். அந்தப் பாணியில் எங்கள் சார் தமிழில் ஒன்று எழுதினார். வசந்தி நன்மை, நான் பொறாமை. எனக்கு வாய் ஜாஸ்தி என்பதால் அந்த வேஷமாம். தீமை பயமுறுத்திக்கொண்டு வராது, ஜோக் அடித்து ஜனங்களைச் சிநேகிதம் பிடித்துக்கொண்டுதான் வரும் என்பார் சார். நான் வெகு சந்தோஷமாகத் தலையாட்டினேன், பைத்தியக்காரி.

அந்தக் காலத்து வழக்கப்படியே முழு நாடகத்தையும் யாருக்கும் கொடுக்கவில்லை. அவரவர் வசனம், அதற்கு முன்னால் அடுத்தவர் பேசி முடிக்கும் கடைசி இரண்டு வார்த்தை, அவ்வளவுதான் சீட்டில் இருக்கும். ஒத்திகையிலும் அந்த இரண்டு வார்த்தையைத்தான் சொல்லிக்கொள்வோம். என் சீட்டில், நன்மை "எங்கே ஒளித்தாய்?" என்று முடிப்பாள், நான் "வெறுங்கை, பாருங்கள்" என்று சபையிடம் கையை விரிக்க வேண்டும்.

நாடகத்துக்கு முந்தின நாள் வந்தது வினை. மண்ணச்சநல்லூரில் வசந்தியின் அப்பா வேலை பார்த்த அரிசி மில்லுக்குத்தான் அவர்கள் தபாலும் போகும், அங்கேயே தொலையும். அதனால் அவள் எங்கள் ஸ்ரீரங்கத்து விலாசத்தைக் கொடுத்திருந்தாள். ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு வேலைக்கு இருவரும் எழுதிப் போட்டிருந்தோம். இரண்டு இண்டர்வியூ கார்டும் ஒன்றாக வந்தன; திங்கட்கிழமை வரச் சொல்லி. அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. அவள் கார்டைப் பெருமாள் அலமாரியில் பட்டுத்துணிக்கு அடியில் வைத்தேன். எங்கள் வீட்டில் குளித்து மடியாக இல்லாமல் யாரும் அதைத் தொடமாட்டார்கள். நான் மட்டும் காலேஜிலிருந்து வந்த காலோடு தொட்டேன்.

நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் மேடை ஏறும்போது சீட்டில் அந்த இரண்டு வார்த்தையை மறுபடி படித்தேன். அதற்கு முன்னால் அவள் என்ன பேசப் போகிறாள்? தபால்காரர் சொல்லியிருப்பாரோ?

மாலையும் வெள்ளைப் புடவையுமாக அவள் நேரே என்னிடம் வந்தாள். ஏதேதோ சொன்னாள்; என் காதில் விழவில்லை. "எங்கே ஒளித்தாய்?" மட்டும் விழுந்தது. என் கை தானாக நடுங்கிக்கொண்டு விரிந்தது. ஹாலே கைதட்டியது.

நாடக முடிவில் பொறாமையை இரண்டு பேர் தரதரவென்று இழுத்துப் போவார்கள். திரைக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டுவிட்டு, நல்லாப் பண்ணினே என்று சிரித்தார்கள்.

வசந்தி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "நிஜமாவே பயந்த மாதிரி நடிச்சடி." பிறகு கேட்டாள், "எனக்கு லெட்டர் ஏதும் வந்துச்சா?"

"வரலைடி" என்றேன்.

திங்கட்கிழமை நான் போனேன். வேலை கிடைத்தது. அவளே முதலில் வாழ்த்துச் சொன்னாள். பரீட்சை முடிந்து ஊருக்குப் போனவளை அப்புறம் நான் பார்க்கவேயில்லை. அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்பதும் தெரியாது. அந்தப் பயத்தோடுதான் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னேன்.

அந்த ஹாலை இடித்துவிட்டு அங்கே வண்டி நிறுத்துகிறார்கள். சார் போய்விட்டார். மடி பார்க்க வீட்டில் ஒருவருமில்லை. கார்டு மட்டும் பட்டுத்துணிக்கு அடியில் அப்படியே இருக்கிறது. அதில் வரச் சொன்ன திங்கட்கிழமைதான் இனி வராது.