கோயில் கம்ப்யூட்டருக்கு வாய்த்த செயலாளர்

மலேசியாவின் பத்து பாகாட் நகரில் ஒரே உடம்பில் இரண்டு லெட்சுமணன்கள் வாழ்ந்தார்கள். ஒருவர் தையல் தொழிற்சாலையின் ஸ்டோரில் நூல்கண்டுப் பெட்டிகளை ஏற்றி இறக்குபவர். நேற்று வேலைக்கு வந்த சூப்பர்வைசர்கூட அவரைப் பெயர் சொல்லாமல் "ஹோய்" என்றுதான் கூப்பிடுவான். மற்றவர் தாமான் என்கிற குடியிருப்பின் ஓரத்து மாரியம்மன் கோயிலின் மாண்புமிகு செயலாளர். இருவருக்கும் சட்டை ஒன்றுதான். இரண்டாமவர் மட்டும் அதை இஸ்திரி போட்டு உடுத்துவார்.

இந்த இரண்டாமவரை உண்டாக்கியது அம்மன் அல்ல, ஒரு கம்ப்யூட்டர். தேர்தல் நெருங்கிய ஒரு வருடம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரான ஒய்.பி. ஒருவர் வந்து, மாலை வாங்கிக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு, அதைக் கோயிலுக்கு அன்பளிப்பாக வைத்துவிட்டுப் போனார். நிர்வாகமே சுற்றி நின்று அதை வேடிக்கை பார்த்தது. துணிந்து பட்டனை அழுத்தியவர் லெட்சுமணன். திரையில் ஒளி வந்தது. அடுத்த கூட்டத்தில் பதவி வந்தது. அதன்பின் ஆண்டுதோறும் பொதுக்கூட்டத்தில் யாராவது, "கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு வேற யாரு இருக்கா?" என்று கேட்பார்கள். வேறு யாரும் தெரிந்துகொள்ள அவர் விட்டதில்லை ஆதலால், ஒரு கையும் உயராது.

கம்ப்யூட்டர் அறைக்கு அவர் வகுத்த ஆசாரங்கள் கருவறைக்குக்கூடக் கிடையாது. செருப்பு கூடாது, பேச்சு கூடாது, எவர் விரலும் படக்கூடாது. தொழிற்சாலையில் மிஞ்சிய சிவப்புச் சாட்டின் துணியில் கம்ப்யூட்டருக்கு ஓர் உறை. வெள்ளிக்கிழமை தவறாமல் குழைத்த சந்தனத்தில் ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். பொட்டு வைப்பதற்கென்றே செய்ததுபோல் முன்பக்கத்தில் வட்டமாக இருந்தது பவர் பட்டன். ஆயுத பூஜையன்று பொட்டு இன்னும் கனமாக இருக்கும். போன வாரத்துப் பொட்டைத் துடைப்பது மட்டும் சாஸ்திரத்தில் இல்லை. சில மாதங்களாகப் பட்டன் அழுத்தினால் உள்ளே போய், யோசித்து யோசித்து வெளியே வந்தது. அதை அவர் பணிவு என்று எடுத்துக்கொண்டார்.

அவருக்கு ஒரு வித்தையும் தெரியும். கம்ப்யூட்டர் உறைந்து நின்றுவிட்டால், பட்டனை விடாமல் நாலு மூச்சு அழுத்திப் பிடிக்க வேண்டும், தானே அணைந்துவிடும். இதைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் செய்வார்.

இன்னொரு வித்தையும் உண்டு. கடிதம் கேட்டு வருபவரைப் பிடிக்காவிட்டால், "கம்ப்யூட்டர்ல அப்டேட் ஓடுது லா, அடுத்த வாரம் வாங்க" என்பார். அடுத்த வாரமும் அது ஓடும்.

பொதுக்கூட்டம் ஞாயிறு காலை. வாசிக்கவேண்டிய ஆண்டறிக்கை கம்ப்யூட்டருக்குள் தயாராக இருந்தது. அச்செடுப்பதுதான் பாக்கி. சனிக்கிழமை மதியம் உறையை நீக்கி, கும்பிட்டு, பட்டனை அழுத்தினார். காற்றாடி சுழன்றது. நாலு மூச்சு ஓடி, பொத்தென்று நின்றது. மறுபடி அழுத்தினார். மறுபடி நாலு மூச்சு.

இந்த முறை கூட்டம் சாதாரணமானதல்ல. இன்சூரன்ஸ் விற்கும் ஜீவன் என்ற இளைஞன் செயலாளர் பதவிக்குக் கண் வைத்திருந்தான். அறிக்கை இல்லாமல் போய் நின்றால் இரண்டாவது லெட்சுமணன் காலி. மிச்சமிருப்பது "ஹோய்" மட்டுமே.

பிளக்கைப் பிடுங்கிச் சொருகினார். அதே சுவிட்சில் மேசை விசிறியை மாட்டினார், விசிறி ஓடியது. ஒயர்களை இறுக்கினார். பெட்டியைத் திறந்தார். உள்ளே, எந்த யுகத்திலோ உயிர்விட்ட ஒரு பல்லி, காகிதம்போல் காய்ந்து கிடந்தது. "பாவி, நீதானா!" என்று அதை வாலைப் பிடித்துத் தூக்கி, வெளியே கொண்டுபோய்ப் போட்டு, தலைக்குமேல் கைகூப்பிவிட்டு வந்து அழுத்தினார். நாலு மூச்சு. மெமரித் துண்டைக் கழற்றி, அதன் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினார். நாலு மூச்சு. பல்லியின்மேல் சொன்ன பழியை மனத்துக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

கடைக்குத் தூக்கிப்போனால் பஜாரே பார்க்கும். வேறு வழியில்லாமல் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் லோஷினிக்குப் போன் போட்டார்.

"ஓடுதுப்பா, உடனே நிக்குதா? பவர் பட்டன் உள்ளயே மாட்டிக்கிச்சான்னு பாருங்க."

"பட்டனா? அதை நான் சாமி மாதிரி வச்சிருக்கேன்! வாராவாரம் பொட்டு வைக்கிறேன்!"

"பொட்டா? எங்க?"

"நீ வேலையைப் பாரும்மா. இதெல்லாம் பெரிய பிரச்சனை, உனக்குப் புரியாது" என்று வைத்துவிட்டார்.

பிறகு ஒரு மனிதன் கைவிடப்பட்ட வேளையில் செய்வதைச் செய்தார். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, பட்டன்மேல் விசேஷப் பொட்டு ஒன்று வைத்தார்.

ஞாயிறு காலை மண்டபம் நிறைந்திருந்தது. லெட்சுமணன் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் மன்னிக்கணும். கம்ப்யூட்டர் ரிப்பேர். ரிப்போர்ட் அதுக்குள்ளதான் இருக்கு."

"ரிப்பேரா, அப்டேட்டாண்ணே?" என்றான் ஜீவன், மிகுந்த மரியாதையோடு.

சிரிப்பு நாற்காலி வரிசை வரிசையாகப் பின்னால் போனது. அது அடங்குவதற்குள் கிருஷ்ணம்மா எழுந்தாள்.

"எம்மவன் கல்யாணத்துக்குக் கோயில் லெட்டர் கேட்டு எத்தனை வாட்டி நடந்தேன், செயலாளரே? அன்னிக்கும் இதைத்தான சொன்னீங்க? கல்யாணம் முடிஞ்சு பேரப்புள்ளயும் பொறந்தாச்சு. இன்னும் உங்க அப்டேட் முடியலயா?"

"சத்தியமா இது நெஜம்மா! வந்து பாருங்க, எல்லாரும் வந்து பாருங்க!"

கூட்டம் அறைக்குள் புகுந்தது, செருப்போடு. லெட்சுமணன் அத்தனை பேர் முன்னிலையிலும் சந்தனத்தின் நடுவில் விரலை வைத்து அழுத்தினார். காற்றாடி உறுமிற்று. "ஓடுது, ஓடுது!" என்றது கூட்டம். நாலாவது மூச்சில் நின்றது.

"நல்லாத்தான்பா ஓடுச்சு. இவரு எங்கயோ ஆஃப் பண்றாரு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ரிப்போர்ட்டே எழுதியிருக்க மாட்டாரு லா" என்றது இன்னொன்று.

எழுதியிருந்தார். திருவிழாத் தண்ணீர்ப் பந்தலுக்கு உதவியவர்கள் முதல் கூரை மாற்றியவர்கள் வரை ஒரு பெயர் விடாமல், மூன்று வாரம் வேலை முடிந்து வந்து உட்கார்ந்து எழுதியிருந்தார். கிருஷ்ணம்மாவின் பெயர்கூட இருந்தது, பொங்கல் வைத்தவர்களில் முதலாவதாக. அதை யாரிடம் காட்டுவது?

கைகள் உயர்ந்தன. ஜீவன் செயலாளரானான். கூட்டக் குறிப்பை அங்கேயே போனில் கட்டைவிரலால் தட்டி, டீ வருவதற்குள் எல்லாருடைய வாட்ஸ்அப்புக்கும் அனுப்பிவிட்டான். இத்தனை வருடம் ஓர் அறையும் உறையும் சந்தனமும் கேட்ட காரியம் அவன் சட்டைப்பைக்குள் போய்விட்டது.

"அண்ணே, அந்தக் குப்பையை நீங்களே எடுத்துக்குங்க. ஞாபகத்துக்கு" என்றான், அறைச் சாவியை வாங்கிக்கொண்டு.

லெட்சுமணன் அதைத் திரையோடு காரின் பின்சீட்டில் ஏற்றி, சாட்டின் உறை போர்த்தி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி செல்வராணி வாசலிலேயே மறித்தாள்.

"இவ்ளோ அழுக்கோட உள்ள வராதீங்க."

ஈரத்துணியை எடுத்து வந்து அழுந்தத் துடைத்தாள். முன்பக்கத்தில் பாறைபோல் இறுகியிருந்த சந்தனத்தை நகத்தால் பெயர்த்தாள். அப்பளம்போல் துண்டு துண்டாக உதிர்ந்தது. 'டக்'கென்று ஒரு சத்தம். பட்டன் துள்ளி வெளியே வந்து நின்றது.

லெட்சுமணன் அந்தச் சத்தத்தைக் கேட்டார். கூடத்து மேசையில் வைத்து, ஒயரை மாட்டி, அழுத்தினார். காற்றாடி சுழன்றது. நாலு மூச்சு போயிற்று, எட்டுப் போயிற்று, நிற்கவில்லை. திரை விழித்தது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு அவர் விரலால் செய்த வித்தையை, நேற்றிலிருந்து அவருடைய சந்தனம் எல்லார் கண்முன்னாலும் செய்துகொண்டிருந்தது.

ஆண்டறிக்கையைத் திறந்தார். 'பெருமதிப்பிற்குரிய உறுப்பினர்களே' என்று தொடங்கியது.

செல்வராணி தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தானே ஓடுது?"

"இப்பத்தான்..."

"அப்ப வாட்ஸ்அப்புல எல்லாரும் சொல்றது நெஜந்தானா? வேணும்னேதான் ஓடாத மாதிரி காட்டுனீங்களா?"

சந்தனம் என்று சொல்லலாம். சொன்னால் நாளைக்கே தாமான் முழுக்கப் பரவும். பொய்க்காரன் என்ற பட்டம் போய்ச் சந்தனக்காரன் என்ற பட்டம் வரும். எது மேல் என்று அவர் எடை போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. லோஷினி.

"என்னாச்சுப்பா? பட்டன்தானே?"

லெட்சுமணன் திரையைப் பார்த்தார். பிறகு, "இல்லம்மா. மதர்போர்ட் போச்சு" என்றார்.

"அப்படியா? பழசுதானேப்பா, போகத்தான் செய்யும். விடுங்க."

நம்பிவிட்டாள். நேற்றிலிருந்து அவர் சொன்ன ஒரே பொய் அது. ஒருவர் நம்பியதும் அதைத்தான்.

செல்வராணி மகளுக்குப் போன பதிலையும் கேட்டாள், எதிரே எரிந்துகொண்டிருந்த திரையையும் பார்த்தாள். சந்தனம் அப்பிய துணியை அலசப் போனாள்.

லெட்சுமணன் பட்டன்மேல் விரலை வைத்து, விடாமல் அழுத்திப் பிடித்தார்.