நான் நினைவில்லாமல் நடந்த தூரம்

தனியார் விமானி உரிமம் கைக்கு வந்த வாரத்தில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அடுத்து என்ன?

"எப்ப பெரிய ஃப்ளைட் ஓட்டப் போற? சென்னைக்குப் போனா எங்களுக்கு முன்சீட்டு குடுப்பியா?" என்றார் மாமா. நான்கு பேர் உட்காரும் சின்ன விமானத்தை, பகலில், வானம் தெளிவாக இருந்தால், யாரிடமும் காசு வாங்காமல் ஓட்டலாம் என்பதுதான் அந்த உரிமத்தின் பொருள் என்று விளக்கினேன்.

"அப்ப புதுசா கார் ஓட்டுறவங்க மாட்டுற பி பிளேட் மாதிரின்னு சொல்லு" என்றார். கிட்டத்தட்டச் சரிதான்.

எல்லைக்கு அப்பால் ஜோகூரில் எனக்குக் கற்றுக்கொடுத்த பயிற்றுநர் என் முன்னால் இருந்த வழிகளைச் சொன்னார். வார இறுதியில் விமானத்தை வாடகைக்கு எடுத்துத் தீவுகளைச் சுற்றலாம். இரவில் பறக்கப் பழகலாம். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதியைப் பெறலாம். அல்லது வணிக உரிமம் எடுத்து, அவரைப் போலவே பயிற்றுநராகலாம். முதல் மூன்றும் பொழுதுபோக்கு, கடைசியானது வேலை. நான் பிழை திருத்திக்கொண்டும் தலைப்பு வைத்துக்கொண்டும் இருந்த பத்திரிகை என் பிரிவையே கலைத்துவிட்டிருந்தது. முப்பதுகளின் பிற்பாதியில் இருக்கும் ஒருத்தியை விமான நிறுவனங்கள் தேடப்போவதில்லை. ஆனால் பயிற்றுநர்களுக்குப் பஞ்சம் இருந்தது. எனக்கு இருந்தது அந்த ஒரு வழிதான்.

வணிக உரிமத்துக்கான மருத்துவப் பரிசோதனை கடுமையானது. பரிசோதித்த மருத்துவர் தமிழர், என் வயதுக்காரர். கண், காது, இதயம் எல்லாம் முடிந்து நாக்கை நீட்டச் சொன்னார். விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வேல் போட்ட தழும்பா?"

"ஆமா. போன தைப்பூசத்துக்கு."

"நானும் காவடி எடுத்திருக்கேன். முதுகு இன்னும் திட்டுது. சாமி வந்துச்சா?"

"போன வருஷம் வரல. மொதல்வாட்டி பால்குடம் எடுத்தப்ப வந்துச்சு. செலிகி ரோட்டுல மேளம் கேட்டது ஞாபகம் இருக்கு. அப்புறம் டேங்க் ரோட்டுக் கோயில்ல அம்மா என் தலையிலிருந்து குடத்தை எறக்குனாங்க. நடுவுல ஒண்ணும் தெரியாது."

தட்டச்சுப் பலகைமேல் இருந்த அவர் கை நின்றது.

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "இதை எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது, சிஸ்டர்."

"நீங்கதானே கேட்டீங்க."

"கோயில்ல பேசுற மாதிரி கேட்டுட்டேன். உக்காந்திருக்கிறது இங்கல்ல? கேட்ட பிறகு கேக்காத மாதிரி இருக்க முடியாது லா."

முதல் உரிமத்துக்கான பரிசோதனையில் எப்போதாவது மயங்கியதுண்டா என்று கேட்டிருந்தார்கள். இல்லை என்றேன். அதில் பொய் இல்லை. எங்கள் வீட்டில் யாரும் அதை மயக்கம் என்று சொன்னதில்லை. சாமி வந்தவளை மயங்கியவள் என்று யாராவது சொல்வார்களா?

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். வெயிலில், வெறும் வயிற்றில், ஒருவர் சரிந்து விழுந்து உடனே எழுந்தால் அதற்குக் காரணம் உண்டு, அதை ஏற்றுக்கொள்வார்கள். காரணம் தெரியாமல் நினைவு தப்பியது வேறு. நரம்பியல் நிபுணர் பார்த்துச் சொல்லும்வரை புது உரிமம் கிடையாது. கையில் இருப்பதையும் பயன்படுத்த முடியாது.

நிபுணர் ஒரு சீனப் பெண்மணி. தலையை ஸ்கேன் எடுத்தார்கள். குறை எதுவும் தெரியவில்லை. "அன்றைக்கு உங்களோடு நடந்தவர் யார்? அவரை அழைத்து வாருங்கள்" என்றார். என்னோடு நடந்தவர் அம்மா மட்டும்தான்.

அம்மா அந்தக் கதையை ஆண்டுதோறும் சொல்லிவந்தார். நான் கவனித்துக் கேட்ட முதல் தீபாவளிக் கதையில் என் கண்கள் செருகியிருந்தன. அடுத்த தீபாவளிக்கு நாக்கு வெளியே வந்திருந்தது. அதற்கும் பிறகு, மூன்று ஆண்கள் பிடித்தும் என்னை நிறுத்த முடியவில்லை. செய்தி எப்படி வளரும் என்பது எனக்குப் பழகிய விஷயம். வளர்ந்ததை வெட்டித்தான் சம்பளம் வாங்கினேன். ஆனால் வெட்டுவதற்கு மூலப் பிரதி வேண்டும். அது என்னிடம் இல்லை.

மருத்துவமனைக்குப் போவதற்கு முன் தேக்கா சந்தையில் தோசை வாங்கிக் கொடுத்து அம்மாவிடம் கெஞ்சினேன்.

"பசி மயக்கம்னு சொல்லுங்கம்மா. அவ்வளவுதான். வேற எதுவும் வேணாம்."

"நீ மயங்கலியே."

"நாக்கு வெளிய வந்த கதையெல்லாம் வேணாம். நடுக்கம், ஆட்டம் எதுவும் வேணாம்."

"அது கதையா?" அம்மா தேநீர்க் குவளையைத் தள்ளி வைத்தார். "முருகன் வந்ததை வரலன்னு சொல்லச் சொல்றியா? அதுவும் ஆஸ்பத்திரியில உக்காந்து?"

"அவன் வந்ததாலதாம்மா என்னைப் பறக்க விடமாட்டேங்குறாங்க."

"அவனே மயில்ல சுத்துறவன். உன்னைத் தடுக்கப் போறானா?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் ஓடுபாதை தெரிந்தது. அதில் என் இருக்கையில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். "எனக்கு வேற ஒண்ணும் இல்லம்மா" என்றேன். அம்மா தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா பேசும்போது நான் வாய் திறக்கக் கூடாது என்பது நிபுணரின் நிபந்தனை. அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சந்தையில் பேசும் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

"ஷேக் எல்லாம் நோ, டாக்டர். ஃபால் ஆல்சோ நோ. ஷி வாக் ஒன்லி. வெரி நைஸ் வாக். ஐ கால் நேம், ஷி லுக் மீ, பட் டோன்ட் நோ மீ. மில்க் ஒன் ட்ராப் ஆல்சோ நெவர் ஸ்பில் லா."

எனக்காக நாக்கை விட்டுக்கொடுத்தார், நடுக்கத்தை விட்டுக்கொடுத்தார், மூன்று ஆண்களையும் விட்டுக்கொடுத்தார். மூலப் பிரதியை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். சாமி என்ற சொல்லைக்கூட அவர் எடுக்கவில்லை. என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், காப்பாற்றிவிட்டேன் என்பது போல.

ஆனால் நிபுணரின் விரல்கள் வேகமாக ஓடின. அம்மா அறையை விட்டு வெளியே போன பிறகு என்னிடம் நிதானமாகச் சொன்னார். எல்லா வலிப்பிலும் மனிதர் விழுந்து துடிப்பதில்லை. கண் திறந்திருக்கும், கால் நடக்கும், கையில் இருப்பது சிந்தாது. ஆள் மட்டும் அங்கே இருக்கமாட்டார். அந்த வகையும் உண்டு. உங்கள் அம்மா விவரித்தது அதற்கு மிக அருகில் இருக்கிறது.

தூக்கமில்லாமல் வரச்சொல்லி, தலை முழுக்கக் கம்பிகள் ஒட்டி, மூளையின் மின்துடிப்பைப் பதிவுசெய்தார்கள். பால்குடம் எடுத்த அன்று என்ன சத்தம் கேட்டது என்று நிபுணர் விசாரித்தார். உறுமி மேளம் என்றேன். அதை இங்கே ஒலிக்கவிட முடியுமா என்றார். அம்மாவின் கைப்பேசியில் இல்லாத மேளமா? அம்மா கட்டிலருகே நின்று, ஒலியைக் கூட்டி, என் காதருகே பிடித்தார். உறுமி இழுத்தது. தவில் சேர்ந்தது. கைகளால் கட்டில் விளிம்பைப் பற்றிக்கொண்டேன். நோன்பிருந்து, வெறுங்காலோடு நடந்து, வா என்று வேண்டியவளும் நான்தான். வராதே, முருகா, வந்துவிடாதே என்று அந்தக் கட்டிலில் கிடந்து வேண்டியவளும் நான்தான். கண்ணைத் திறந்தபோது அம்மாவின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. அவர் எதை வேண்டினார் என்று நான் கேட்கவில்லை.

வரவில்லை. பதிவில் ஒரு பிசகும் இல்லை.

முடிவு சொல்லும் நாளில் இருவருமாகப் போனோம். பதிவு சுத்தமாக இருப்பதால் அன்று எதுவும் நடக்கவில்லை என்றாகிவிடாது என்றார் நிபுணர். காரணம் தெரியாத நினைவிழப்பு என்றுதான் தன்னால் எழுத முடியும். அந்த வார்த்தைகளோடு யாரையும் விமானி இருக்கையில் உட்காரவிடமாட்டார்கள். சில ஆண்டுகள் எதுவும் வராமல் இருந்தால் மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"டாக்டர், ஐ டெல் ராங். ஷி ஃபெயின்ட். ஹங்ரி, ஹாட் சன், ஷி ஃபால் டவுன். ஐ சீ. காட் நெவர் கம்." பிறகு என் பக்கம் திரும்பி, தமிழில், அறைக்கே கேட்கும்படி சொன்னார்: "சாமி வரல. நான்தான் பெருமைக்குச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். சொல்லு அவங்ககிட்ட. நீ சொல்லு!"

நான் மொழிபெயர்க்கவில்லை. நிபுணர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இரண்டில் எதை எழுதுவது என்று மென்மையாகக் கேட்டார்: "ஆன்ட்டி, விச் ஒன் ஐ ரைட்?"

அம்மா என்னைப் பார்த்தார். ஒரே சாட்சி இரண்டு விதமாகச் சொன்னால், பத்திரிகையில் நாங்கள் செய்தியிலிருந்து இரண்டையும் எடுத்துவிடுவோம். நிபுணரும் அதைத்தான் செய்தார். காரணம் தெரியவில்லை என்பது அப்படியே நின்றது.

ரயிலில் அம்மா கைப்பையின் வாரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஃபேரர் பார்க் நிலையம் தாண்டிய பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார். "நான் பொய் சொன்னது அவங்களுக்குத் தெரிஞ்சிருச்சா?"

"எது பொய்ம்மா?"

அம்மா எதிரே சுரங்க இருட்டில் கறுத்திருந்த ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தார். எது பொய் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார்.

இறங்கும்போது பயிற்றுநரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. சனிக்கிழமை விமானம் காலியாக இருக்கிறது, எடுக்கிறாயா என்று கேட்டிருந்தார். வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். அடுத்த சனிக்கிழமை என்று அவர் கேட்டதற்கும் அதையே எழுதினேன்.